உப்புத் தண்ணீர் மயிலம்மாள்

சேலத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் டயாலிசிஸ் மெஷின் வந்திறங்கிய 1986-இல், அதற்கு ரிப்பன் வெட்ட ஆறு பெரிய மனிதர்கள் வந்தார்கள். அதை ஓட்ட மட்டும் ஆட்டையாம்பட்டி நர்ஸ் மயிலம்மாள் ஒருத்திதான்.

பனமரத்துப்பட்டி குழந்தைவேலைக் கடலைக்காட்டில் கண்ணாடி விரியன் கடித்திருந்தது. சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய், ஒன்பது நாளாகச் சொட்டு நீர் பிரியவில்லை. ஈறிலும் கடிவாயிலும் ரத்தம் கசிந்தபடி இருந்தது. அதே ரத்தம் மெஷின் குழாய்க்குள் போனால் மட்டும் உறைந்து அடைக்கப் பார்க்கும். விஷத்துக்கு அவ்வளவு குசும்பு!

உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி உண்டு. இவனுக்குப் போட்டால் கசிவு நிற்காது, ஆளே போய்விடுவான். ஆகவே கால் மணிக்கொரு தரம் மயிலம்மாள் சலைன் என்கிற உப்புத் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவினாள்.

குழந்தைவேலின் அண்ணன் கந்தப்பனுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. நாலு லாரி ஓடுகிற குடும்பம் அல்லவா.

"ஏம்மா, பக்கத்துக் கட்டில்காரனுக்கு ஊசி, எந்தம்பிக்கு வெறும் உப்புத் தண்ணியா? நாங்க என்ன நாதியத்தவங்களா?"

நேரே பெரிய டாக்டரிடம் போனார். டாக்டர் புதிதாகக் கட்டும் வீட்டுக்குக் கந்தப்பன் லாரியில்தான் செங்கல் வந்துகொண்டிருந்தது. வைத்திய சாஸ்திரம் உடனே வளைந்துகொடுத்தது. சீட்டில் ஹெப்பாரின் எழுதி மயிலம்மாளிடம் நீட்டினார்.

"கடிவாய்க் கட்டு ரத்தத்துல நனைஞ்சு கிடக்குதுங்க டாக்டர்."

"நீ டாக்டருக்குப் படிச்சிருக்கியா?"

"இல்லீங்க. ரத்தம் கசியறது தெரிஞ்சுதான் போடச் சொன்னேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க, போட்டுடறேன்."

டாக்டருக்குத் திடீரென்று வேறு வார்டில் அவசர வேலை வந்துவிட்டது. போகிற போக்கில் எழுதியதை அடித்துவிட்டுப் போனார்.

நான்கு மணி நேரம் மயிலம்மாள் உட்காரவில்லை. மூன்றாம் மணியில் மெஷினின் வடிகட்டி, உள்ளே ரத்தம் உறைந்து, கறுக்கத் தொடங்கியது. அடைத்தால் உள்ளே இருக்கும் ரத்தம் அத்தனையும் வீண். இழக்க அவனிடம் மிச்சம் இல்லை. குழாயைப் பிடித்துப் பிடித்துக் கழுவினாள். கடைசிச் சொட்டுவரை ரத்தம் அவனுக்கே திரும்பியது.

அப்படி இன்னும் மூன்று தடவை. பதினேழாம் நாள் காலையில் குழந்தைவேலுக்கு நீர் பிரிந்தது. கந்தப்பன் பட்டுச் சால்வையோடு ஓடி வந்து பெரிய டாக்டருக்குப் போர்த்தினார். "உங்க ஊசிதானுங்க காப்பாத்துச்சு!" டாக்டரும் அடக்கமாகத் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார்.

கக்கூசில் மயிலம்மாள் குழந்தைவேலின் சிறுநீர் இருந்த அளவு ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நாற்பது மில்லி. கண்ணில் நீர் முட்டியது. அளவை எழுதிக்கொண்ட பிறகும் அதைக் கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை.