அரிசிக்கும் மாவுக்கும் நடுவில் ஒரு ராஜினாமா

என் லாரி என்னைத் தவிர வேறு எவன் சாவி போட்டாலும் கிளம்பாது என்று நான் நம்பியிருந்தேன். சும்மா பேச்சுக்கு இல்லை. சாமியை நம்புகிற மாதிரி நம்பினேன். காலையில் சாவியைப் பாதி திருப்பி இருபது வரை எண்ண வேண்டும். டேஷ்போர்டின் இடது மூலையில் இரண்டு தட்டு. பிறகு, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தை. மூன்றும் முறைப்படி நடந்தால் வண்டி கனைத்துக்கொண்டு எழும். பதினொரு வருடம் இந்தப் பூசைக்கு நான் ஒருவன்தான் பூசாரி. நான் லீவு போட்ட நாட்களில் லாரியும் லீவு. ஆகவே நான் வேலையை விட்டால் கம்பெனி படுத்துவிடும், முதலாளி என் காலைப் பிடிப்பார், அது சரிவராவிட்டால் கழுத்தைப் பிடிப்பார், எப்படியும் என்னைப் போக விடமாட்டார் என்று முடிவு கட்டியிருந்தேன்.

பெரிய கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். பினாங்கு ஜார்ஜ்டவுனில் அரிசி, கோதுமை மாவு மொத்த வியாபாரம். மொத்தம் இரண்டு லாரி. ஒன்று என்னுடையது, இன்னொன்றை என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அண்ணன் ஓட்டினார். முதலாளி சீனர், எங்கள் வாயில் தௌக்கே. அவருடைய அப்பா கடலுக்கு அக்கரையில், தமிழர் வேலைசெய்த ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அதனால் தௌக்கேக்குத் தமிழ் நம்மைவிட நன்றாக வரும், முக்கியமாகத் திட்டும்போது.

பினாங்குப் பாலம் திறந்த சில வருடங்களில் என் இடுப்பு மூட ஆரம்பித்தது. மூட்டை தூக்கிய இடுப்பு. அந்த நேரத்தில் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை பஸ் ஓட்ட ஆள் கேட்டார்கள். போய்ப் பார்த்தேன். எனக்குப் பிடித்துப்போனது. அங்கே சரக்கு தானே ஏறும், தானே இறங்கும், சில சமயம் குட்மார்னிங் வேறு சொல்லும். வேலை உனக்குத்தான் என்றார்கள். ஒரே நிபந்தனை: பழைய முதலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் முறையாகக் கொடுத்து, அவருடைய சாப், அதாவது ரப்பர் முத்திரை, குத்திய நகலை அந்த மாதம் முடிந்து ஒன்றாம் தேதி வேலைக்கு வரும்போது கொண்டுவர வேண்டும். முன்பு ஒருவன் சொல்லாமல் ஓடிவந்து, அவன் முதலாளி தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே நின்று கத்தினாராம். சாப் இல்லை என்றால் பஸ்ஸில் அடுத்த ஆள் உட்காருவான்.

கடிதத்தைக் கார்பன் வைத்து இரண்டு பிரதி தட்டச்சு செய்து வாங்கினேன். மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். முதல் நாள் தௌக்கே நாற்காலியில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து பாலில்லாத கோப்பிஓ குடித்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"தௌக்கே..."

"என்னா?"

"மழ வரும்போல இருக்கு."

அவர் வெளியே பார்த்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. என்னையும் ஒருமுறை பார்த்தார்.

மறுநாள் மறுபடி போனேன். தொண்டை வரைக்கும் ராஜினாமா வந்துவிட்டது. வாயைத் திறந்தால், "டயரு நாலும் தேஞ்சி போச்சி தௌக்கே" என்று வந்தது. "பாக்கறேன் லா" என்றார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பக்கூட இல்லை.

"ஏங்க, அத்தன மூட்டைய ஏத்திக்கிட்டு பாலம் தாண்டுற ஆளு, ஒரு காயிதத்த நீட்ட முடியலயா?"

"காயிதம் கனம் ஒனக்குத் தெரியாது."

"அப்ப நான் வந்து நீட்டவா? இடுப்புல கைய வச்சிக்கிட்டு?"

அவள் செய்வாள். அந்தப் பயம் தனி.

மாதத்தின் கடைசி நாள். அன்று கொடுக்காவிட்டால் ஒரு மாதக் கணக்கு வராது. மாலையில் டெலிவரித் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த அபார யோசனை உதித்தது. எங்கள் தொழிலில் டி.ஓ. என்று ஒரு தாள் உண்டு. சரக்கை இறக்கியதும் கடைக்காரர் அதில் கையெழுத்துப் போடுவார். மாலையில் அந்தக் கட்டை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் கொடுத்தால், அந்தச் சீனத்து அம்மா ஒவ்வொன்றிலும் தேதியோடு சாப் குத்தி, அசலை ஃபைலில் போட்டு, நகலை நம்மிடம் தருவார். டெலிபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டே குத்துவார். எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

ராஜினாமாவை அரிசிக்கும் மாவுக்கும் நடுவில் செருகினேன்.

டப், டப், டப். ஏழாவது டப் என்னுடையது. நகல் கைக்கு வந்தது. கீழே ஊதா மையில் தேதி, கம்பெனி பெயர், அதற்குமேல்: சரக்கு நல்ல நிலையில் பெறப்பட்டது. என் இடுப்பைப் பார்க்காமலே கொடுத்த நற்சான்று. நான் படியிறங்கியது எனக்கே தெரியவில்லை.

மறுநாள் வெடிக்கும் என்று காத்திருந்தேன். தௌக்கே, "சாப்ட்டியா?" என்றார். அவ்வளவுதான். பதினொரு வருடமாக அவர் கேட்கிற கேள்விதான் அது. அன்று மட்டும் அது எனக்குக் கடைசிச் சாப்பாட்டை விசாரிப்பதுபோல் கேட்டது. இரண்டாம் நாளும் சத்தமில்லை. ஒரு வாரம் ஆயிற்று. மனுசன் உள்ளுக்குள் ஏதோ திட்டம் போடுகிறார் என்று புரிந்துகொண்டேன். தண்ணீர்மலை முருகனுக்கு ஒரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். இரண்டாம் வாரமும் அமைதி. தேங்காய் ஐந்தாக ஏறியது.

மூன்றாம் வாரம் காலையில் போனால் என் லாரிக்கு நான்கு புது டயர்.

வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தேன். விட்டுப்போகிறவனுக்கு எந்த முதலாளி டயர் மாற்றுவான்? இது பாசமா, பொறியா? அண்ணனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு டயரை ஒரு உதை உதைத்தார்.

"கல்யாணத்துக்கு மால போடுவான், எழவுக்கும் மால போடுவான். ஒனக்கு டயரு போட்டிருக்கான். எதுக்குன்னு நீயே யோசிச்சிக்க, தம்பி."

தேங்காய் இருபத்தொன்றுக்குப் போனது.

மாதம் முடிய ஒரே நாள் பாக்கி. சாயங்காலம் தௌக்கே என்னைக் கூப்பிட்டார். வந்துவிட்டது என்று போனேன்.

"தம்பி, வர்ற மாசத்துலேருந்து அலோர்ஸ்டார் லைனும் நீ ஓடு. அதுக்குத்தான் டயரு மாத்துனேன். நீதான கேட்ட?"

அப்போதுதான் உறைத்தது. மனுசனுக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு மாதமாக நான் நடுங்கியது எனக்கு நானே போட்ட கூத்து.

"தௌக்கே, நா லெட்டர் குடுத்தேனே?"

"என்னா லெட்டரு?"

நகலை நீட்டினேன். அவர் படித்தார். கிராணியைக் கூப்பிட்டார். அந்த அம்மா சத்தியம் செய்யாத குறையாக மறுத்துவிட்டு ஃபைலைப் புரட்டினார். பதினெட்டு மூட்டை அரிசிக்கும் பன்னிரண்டு மூட்டை மாவுக்கும் நடுவில் என் ராஜினாமா பத்திரமாக, கோணாமல், ஓட்டை போட்டுக் கோத்திருந்தது. அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. நான் தரையைப் பார்த்தேன்.

தௌக்கே சாப்பை விரலால் தடவினார். கிழித்துப் போட்டுவிட்டால் என்னிடம் இருப்பது ஒன்றுமில்லை. நகலும் அவர் கையில்தான் இருந்தது. பஸ் போச்சு என்று நினைத்தேன்.

"சாப் இருக்கு. தேதி இருக்கு. சரக்கு வந்துருச்சின்னு என் கம்பெனியே சொல்லுது. நா இப்ப வரலன்னு சொல்ல முடியுமா?" நகலை என்னிடமே கொடுத்தார். "பதினோரு வருசம் தெனம் மூஞ்சிய பாக்குறோம். ஒரு வார்த்த வாயால சொன்னா ஒன் பல்லு கொட்டிருமா?"

நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்காதே. "போறது பெருசில்ல தௌக்கே, வண்டிதான்... அது என் கையிக்கு மட்டும்தான் கெளம்பும். இருபது எண்ணணும், ரெண்டு தட்டு தட்டணும்..."

அந்த வார்த்தையையும் சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவர் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டார். "இவன் வண்டி வேற ஆளுக்குக் கெளம்பாதாம். போயி பாரு."

அண்ணன் லாரிக்குப் பக்கவாட்டில் குனிந்தார். ஸ்பானரை எடுத்து எதையோ அரைச் சுற்று முறுக்கினார். ஏறி உட்கார்ந்தார். எண்ணவில்லை, தட்டவில்லை, திட்டவில்லை. சாவியைத் திருப்பினார். வண்டி உடனே கிளம்பியது.

ஒன்றாம் தேதி நான் பாயான் லெப்பாஸில் பஸ் எடுத்தேன். அதே காலை அண்ணனின் மச்சான் என் லாரியை அலோர்ஸ்டாருக்கு ஓட்டிப்போனான். பதினொரு வருடமும் தளர்ந்திருந்தது ஒரு பாட்டரி வயர்தான்.