ஸ்கூல் வானில் எல்லோரும் பிரிபெக்ட்

கொழும்பு வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்த பிறகு காலைகளில் என்னைத் திகைக்க வைத்தது காலி வீதி நெரிசல் அல்ல, என் மகள் போகும் ஸ்கூல் வான். கதவு திறந்தால் உள்ளே இருக்கும் எல்லாப் பிள்ளைகளின் நெஞ்சிலும் பிரிபெக்ட் பட்ஜ், அதாவது மாணவத் தலைவர் சின்னம், மின்னும். என் மகள் அபிராவிடம் மட்டும் இராது. சுவிஸில், பேர்ணில் இருக்கும் நண்பர்களே, நம்புங்கள், இந்தக் கூத்தைத் தொடக்கி வைத்தவள் நான்தான்.

அபிரா பேர்ணில் பிறந்தவள். கணவரின் வேலைக்காக இரண்டு வருடம் இங்கே இருக்க வந்தோம். வானில் தர்சினி என்ற பெரிய பிள்ளை இவளைச் சூடேறும் எஞ்சின் பெட்டியின் மேல் இருத்தி, இவளது தமிழைப் பேசிக் காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறாள். அபிரா முதலில் வானுக்குள் வாயை மூடினாள். பிறகு வீட்டிலும் தமிழை நிறுத்திவிட்டாள். நான் தமிழில் எதைக் கேட்டாலும் ஜெர்மனில் ஒரே பதில்: பேர்ணுக்குத் திரும்பிப் போவோம். அத்தனை வருடம் பனிக்குள் நின்று அவளுக்கு ஊட்டிய தமிழ், தமிழர் நிறைந்த தெருவுக்கு வந்து செத்துப்போய்க்கொண்டிருந்தது.

பேர்ணில் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கே ஒரு பையன் தோல் நிறத்தைச் சொல்லி அவளை அழவைத்தான். பள்ளிக்கூடம் எல்லோரையும் வட்டமாக இருத்தி, ஒரு துணி நீர்யானையைக் கொடுத்தது. நீர்யானை யார் கையில் இருக்கிறதோ அவர் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்தப் பையன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தன் பூனை செத்த கதையைச் சொல்லி அழுதான். கடைசியில் அபிராதான் அவனுக்கு ஆறுதல் சொன்னாள். அவன் இவளுக்குச் சொன்ன சொல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இருந்தாலும் அங்கே படித்ததை விடாமல், வான் ஓட்டும், பாமன்கடையைச் சேர்ந்த சிவா அண்ணையிடம் விளக்கினேன். சீண்டுவதும் வன்முறைதான், சீண்டும் பிள்ளைக்கும் ஏதோ குறை இருக்கும், இருவரோடும் பேச வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டவர், முன் சீட் வேண்டுமா என்றார். பிறகு யோசித்துச் சொன்னார்: "அந்தப் பிள்ளைக்குப் பொறுப்புக் குடுத்தாச் சரியாகீடும், தங்கச்சி."

மறுநாள் தர்சினி வான் பிரிபெக்ட். பட்ஜ் புறக்கோட்டையில் வாங்கியதாம். அதுவரை சேட்டையாக இருந்தது அன்றிலிருந்து சட்டமாகிவிட்டது. மீண்டும் முறையிட்டேன். தர்சினியைக் கவனிக்க ஒரு தலைமை பிரிபெக்ட் வந்தாள். நான் முறையிட முறையிடப் பதவிகள் கூடின. கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் திரும்பும் வானுக்கு விளையாட்டுத் தலைவிகூட இருந்தாள். ஒருத்தி அபிராவை எழும்பச் சொல்வாள், இன்னொருத்தி இருக்கச் சொல்வாள். பிள்ளை பாதி வழி குந்தியபடியே போனாள்.

கடைசியில் வெட்கத்தை விட்டு, அவளுக்கும் ஒரு பட்ஜ் கொடுங்கள் என்று கெஞ்சினேன். சிவா அண்ணைக்கு அது நியாயமாகப் படவில்லை.

"எல்லாரும் பிரிபெக்ட் எண்டா, அவையள் கவனிச்சுப் பாக்கிறதுக்கு ஒரு பிள்ளையாவது வேணுமே, தங்கச்சி."

போன கிழமை மலையகத்தில் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை வானில் சேர்ந்தாள். பிரச்சினை முடிந்தது என்று சிவா அண்ணையே அபிராவுக்குப் பட்ஜ் குத்திவிட்டார். அன்று பின்னேரம் அவள் படியேறும்போதே தமிழில் கத்திக்கொண்டு வந்தாள். அசல் வெள்ளவத்தைத் தமிழ். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, அந்தப் புதுப் பிள்ளை எப்பிடிக் கதைக்கிறவ தெரியுமோ?"

அப்படியே பேசிக் காட்டினாள். மலையகத் தமிழ், அச்சு அசலாக. காட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பிள்ளை வானில் எங்கே இருந்தாள் என்று கேட்டேன். எஞ்சின் பெட்டியில், வேறு எங்கே என்றாள்.

பட்ஜைக் கழற்று என்றேன். அபிரா இரண்டு கைகளாலும் அதை நெஞ்சோடு பொத்திக்கொண்டு, மாட்டேன் என்று ஜெர்மனில் சொன்னாள்.