படம் நிற்காமல் வர வேண்டும்: வேப்பந்தட்டையிலிருந்து தா.பழூர் வரை

புரட்டாசியில் மூன்று நாள் பெரம்பலூர், அரியலூர் பக்கம் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல, வேலைக்கு. வீடுகளுக்கும் கடைகளுக்கும் வைஃபை சரிசெய்து கொடுப்பது என் பிழைப்பு, இருப்பது திருச்சியில். இந்த வலைப்பூவைப் படிப்பவர்களில் பாதிப் பேர் என்னைப் போலப் பையில் ரவுட்டரோடு ஊர் ஊராக அலைகிறவர்கள் என்பதால் வழி, செலவு, வேலை எல்லாவற்றையும் எழுதுகிறேன். சந்தோஷமான பயணம் இல்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூப்பிட்டவர் ராஜவேல். குவைத்தில் டிரைவர். வேப்பந்தட்டையைத் தாண்டி ஆறு கிலோமீட்டரில் அவர் வீடு. கூடத்தில் கேமரா மாட்டி, அங்கிருந்தபடியே போனில் வீட்டைப் பார்க்கிறார். "சாயங்காலம் ஆனா படம் அப்படியே நின்னுடுது மேடம். நிக்காம வரணும். நீங்க பொம்பளையா இருக்கறதும் நல்லதுதான், வூட்டுல ஆம்பள யாரும் இல்ல" என்றார்.

முதல் நாள் காலை ஆறரைக்குத் திருச்சியில் பஸ் ஏறினேன். பெரம்பலூர் அறுபது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் ஐம்பது ரூபாய். அங்கிருந்து வேப்பந்தட்டைக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆண்கள் பொறாமைப்பட வேண்டாம், அரை மணி நேரம் நின்றுகொண்டுதான் போனேன். மீதித் தூரத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது கேட்டார், நூற்று இருபதுக்கு வந்தார். இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு, நடுநடுவே வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறைகள். சாப்பிட ஒன்றும் கிடைக்காது, பெரம்பலூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ராஜவேலின் அம்மாவும் நான்கு வயதுப் பேத்தியும் இருந்தார்கள். படம் நிற்கும் காரணம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. தெருவில் ஒன்பது ரவுட்டர்கள், ஒன்பதும் ஒரே கேபிள்காரர் மாட்டியவை, ஒன்பதும் ஆறாம் சேனலில். அந்தக் கேமரா பிடிக்கும் அலைவரிசையில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் ஒன்று, ஆறு, பதினொன்று என மூன்றுதான். அதில் ஒன்றில் மட்டும் தெருவே குவிந்திருந்தால், பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிற கதைதான். யார் சொல்வதும் யார் காதிலும் விழாது.

மருமகளைப் பற்றிக் கேட்டேன். "அவளத் தா.பழூருக்கு, அவ அண்ணன் வூட்டுக்கு அனுப்பியாச்சு" என்றார் அந்த அம்மா. மருமகள் சுகன்யா கூடத்தில் தலை காயவைத்துக்கொண்டு பாட்டுப் பாடிய வீடியோ ஊரில் யார் யார் போனிலோ சுற்றி, கடைசியில் ராஜவேலின் போனுக்கே வந்திருக்கிறது. "கேமரா பாஸ்வேர்டு எம் மவனுக்கும் அவளுக்கும்தான் தெரியும். அவன் குடுப்பானா? அவதான் எவனுக்கோ குடுத்திருக்கா. நாளைக்குப் பெரியவங்க பேசித் தீத்து வுட்டுடுவாங்க. புள்ள எங்ககிட்டயே இருக்கும்." பிள்ளை பக்கத்திலேயே பிஸ்கட் தின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

வைஃபை பாஸ்வேர்டு என்னவென்று கேட்டேன். "மருமவ போன் நம்பருதான். எம் மவன்தான் அப்படி வெச்சான்." அந்த நம்பரை அடித்து உள்ளே போனால் பதினேழு கருவிகள் இணைந்திருந்தன. அந்த வீட்டில் இருப்பதோ ஒரு டிவி, ஒரு போன், ஒரு கேமரா. தெருமுனைக்கு நடந்து போய்ப் பார்த்தேன். பேத்தியின் காதணி விழாவுக்கு வைத்த ஃப்ளெக்ஸ் இன்னும் கழற்றாமல் நின்றது. குழந்தை படத்துக்குக் கீழே, தொடர்புக்கு என்று போட்டு, அதே நம்பர், ஒரு முழ உயர எழுத்தில்.

அடுத்தது கேமரா. கம்பெனியிலிருந்து வரும்போது அதில் இருந்த பாஸ்வேர்டை யாருமே மாற்றவில்லை. ராஜவேலும் சுகன்யாவும் ரகசியம் என்று நினைத்தது ஆப்பின் பாஸ்வேர்டு மட்டும். வைஃபைக்குள் வந்துவிட்ட எவனுக்கும் அது தேவையே இல்லை. முதல் முயற்சியிலேயே என் போனில் அந்தக் கூடம் தெரிந்தது.

உடனே ராஜவேலைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்ப அவ குடுக்கலன்னு சொல்றீங்களா?"

"குடுக்க வேண்டிய அவசியமே இல்லைங்க. தெருவுல யாரு வேணாலும் பார்த்திருக்கலாம்."

"சரி மேடம். இத வெளிய சொல்லிக்காதீங்க. பாஸ்வேர்டு நான் வெச்சதுன்னு தெரிஞ்சா பெரியவங்க முன்னால என் மானம் போயிடும். நீங்க படத்த மட்டும் சரி பண்ணிக் குடுங்க."

அந்த ஆள் மேல் வந்த கோபத்தில் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் எறிந்தேன். வேலையை நாளை மறுநாள் முடிக்கிறேன் என்று அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பெரம்பலூருக்குத் திரும்பினேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜ், அறுநூறு ரூபாய். தனியாகப் போகும் பெண்கள் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். சுகன்யாவின் நம்பரை எங்கேயும் தேட வேண்டியிருக்கவில்லை, அதைத்தானே பாஸ்வேர்டாக அடித்திருந்தேன். போன் போட்டு விஷயத்தைச் சொன்னதும் அவள் அழவில்லை. "நாளைக்குப் பதினோரு மணிக்குப் பேச்சு. நீங்க வந்து சொல்லுவீங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டாம் நாள் ஆறு மணிக்குக் கிளம்பி அரியலூர், ஜெயங்கொண்டம் என்று மாறி மாறித் தா.பழூர் போய்ச் சேரப் பத்தரை ஆனது. மூன்று பஸ்ஸுக்கும் சேர்த்து எண்பது ரூபாய்க்குள். அரியலூரைத் தாண்டியதும் சிமெண்ட் லாரிகள் வரிசைகட்டிப் போகும். ரெட்டிபாளையம் பக்கம் மரம், கடை, மனிதர் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஜன்னலை மூடிக்கொள்ளுங்கள். தா.பழூரில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் இறங்கிப் படம் எடுத்திருப்பேன்.

அண்ணன் வீட்டுக் கூடத்தில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ராஜவேல் வீடியோ காலில். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். சுகன்யா உள்கதவின் ஓரம் நின்றாள். ஃப்ளெக்ஸின் போட்டோ, பதினேழு கருவிகளின் பட்டியல், கேமராவில் யாரும் மாற்றாத பாஸ்வேர்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னேன். பாஸ்வேர்டை வைத்தது யார் என்பதையும் சொன்னேன்.

"அப்ப பார்த்தது யாருங்க?" என்றார் ஒரு பெரியவர்.

"அது இப்ப சொல்ல முடியாதுங்க. போலீஸ்ல குடுத்தா தேடலாம்."

போலீஸ் என்றதும் இரண்டு பக்கமும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். சொம்பில் சாய்ந்திருந்த ராஜவேல் தொண்டையைச் செருமினார். "போனது போவட்டும். நான் அவள மன்னிச்சிட்டேன். வூட்டுக்கு வரச் சொல்லுங்க. கேமரா மட்டும் இருக்கணும்."

பெரிய மனசு என்று ஒருவர் தலையாட்டினார். எதற்கு மன்னிப்பு என்று யாருமே கேட்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். சுகன்யா எனக்குப் பின்னால் வந்து என் தோளைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கு மகள் வேண்டும், நியாயம் அதற்கப்புறம்தான். அன்று மாலையே வேனில் அழைத்துப் போனார்கள். பெரம்பலூர் வரை நானும் அதிலேயே வந்தேன்.

மூன்றாம் நாள் வேலையை முடித்தேன். உங்களுக்குப் பயன்படும் என்பதால் செய்ததைச் சொல்கிறேன். கேமராவின் பாஸ்வேர்டை முதலில் மாற்றினேன். எங்கே போனாலும் அதை முதலில் செய்யுங்கள். வைஃபைக்கு எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான பாஸ்வேர்டு. போன் நம்பர், வண்டி நம்பர், பிள்ளை பெயர் மூன்றும் ஊருக்கே தெரிந்தவை, வைக்க விடாதீர்கள். பட்டனை அமுக்கினால் தானாக இணைக்கும் வசதியை அணைத்தேன். ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தேன். விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை போட்டேன். சேனலைப் பதினொன்றுக்கு மாற்றி, அதன் அகலத்தை இருபது மெகாஹெர்ட்ஸாகக் குறைத்து, டிவிக்குப் பின்னால் கிடந்த ரவுட்டரை வெளியே எடுத்து ஆணியில் மாட்டினேன். படம் தண்ணீர் மாதிரி வந்தது. குவைத்திலிருந்து பணமும் உடனே வந்தது.

சுகன்யா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். மதியம் இரண்டே காலுக்கு ஒரு மினி பஸ் உண்டு, அதை விட்டால் ஐந்து மணிக்குத்தான்.

"இனிமே வெளியாளு யாரும் பார்க்க முடியாதுல்லக்கா?"

"முடியாது."

"சாயங்காலமும் படம் நிக்காதா?"

"நிக்காது."

அவள் பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள். "முன்னாடி ஏழு மணி ஆனா தெருவுல எல்லாரும் போனைப் போட்டுக்கிட்டு உக்காருவாங்க. இங்க படம் நின்னுடும். வரலன்னு அவரு போன் பண்ணித் திட்டுவாரு. அப்பத்தான்க்கா நான் கூடத்துல காலை நீட்டிப் படுப்பேன்."

"பழையபடி ஆறாம் சேனல்லயே வெச்சுடட்டுமா? ரெண்டு நிமிஷ வேலைதான்" என்றேன்.

"வேணாங்க்கா. நீங்க வந்து சரி பண்ணதுக்கப்புறமும் நின்னா, என்னையத்தான் கேப்பாரு."

பஸ் திருப்பத்தில் தெரிந்தது. அதற்குள் அவள் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, "இதோ வந்துட்டேங்க" என்றாள்.

"கூடத்துல ஆளக் காணோமாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பிள்ளையை இறுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.