பன்றிப்பட்டியில் ஒரு சைவக் கடை

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ஞாயிறு, காலையில் என்னைத் தேடி ஒருவர் வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. சட்டைப் பையிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்தார். அதற்குள் — மழையில் நனைந்துவிடக் கூடாதென்று — பத்திரமாக மடித்து வைத்த ஒரு பேப்பர் துண்டு.

என் பத்திதான். மூன்று வாரத்துக்கு முந்தியது.

எழுதுகிறவனுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறென்ன வேண்டும்? ஒரு வாசகர் என் எழுத்தை வெட்டி எடுத்து, தெஹியோவிட்டப் பக்கமிருந்து பஸ் மாறி மாறிக் கேகாலைக்கே கொண்டு வந்திருக்கிறார்... கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாமென்று பேனாவைத் தேடினேன்.

"சார், இது நீங்க எழுதினதுதானுங்களா?"

"ஆமாம், நான்தான்."

"எதுக்குங்க சார் எழுதினீங்க?"

பேனாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

தவறாமல் வாசிக்கிறவர்களுக்கு அந்தப் பத்தி நினைவிருக்கும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நண்பர் வீட்டில் பழைய புத்தகமொன்று கிடைத்தது. இங்கிலாந்திலுள்ள ஊர்ப் பெயர்களுக்கெல்லாம் பொருள் சொல்லும் தடித்த புத்தகம். புரட்டிக்கொண்டே போனவன் ஒரு பெயரில் நின்றேன். சுவின்டன்.

நம் பக்கத்து சுவின்டன் தோட்டத்தைத் தெரியாதவர் யார்? தெஹியோவிட்டத் தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று கிடக்கிற தோட்டம். ஆர்வமாகப் பொருளைப் பார்த்தேன். பழைய ஆங்கிலத்தில் 'சுவின்' என்றால் பன்றி. 'டன்' என்றால் வேலி போட்ட பண்ணை.

ஆக, சுவின்டன் என்றால் பன்றிப்பட்டி.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எந்தக் காலத்திலோ, எங்கேயோ குளிர் தேசத்தில் ஒருவன் பன்றி வளர்த்திருக்கிறான். அந்த இடம் ஊராயிற்று. அந்த ஊர்ப் பெயரை ஒரு குடும்பம் தன் பெயராக்கிக்கொண்டது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் கப்பலேறி இங்கே வந்து, காட்டை வெட்டித் தோட்டம் போட்டு, வாசலில் தன் பெயரை எழுதி வைத்துவிட்டான். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

பெயரென்பது சும்மா கிடக்கிற சாமானா? ஆளுக்கு ஆள் கை மாறியது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பழைய ஆட்கள் வாயில் அது 'சிவந்தான் தோட்டம்' ஆயிற்று. சிவந்த துரை ஒருவர் இருந்தாராம், அதனால் வந்த பெயராம்... காரணமும் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். சுற்றியுள்ள சிங்களக் கிராமத்தார் 'சுவந்த வத்த' என்றார்கள். சுவந்த என்றால் நறுமணம், வத்த என்றால் தோட்டம். ரப்பர் ஒட்டுப்பால் நாறிக் காய்கிற இடத்தைக் கடந்து போனவர்களுக்குத் தெரியும், அந்தத் தோட்டத்து நறுமணம் எப்படிப்பட்டதென்று. பன்றிப்பட்டி இரண்டு கடல் தாண்டி வந்து நறுமணத் தோட்டமாகிவிட்டது.

தோட்டத்தோடு நின்றதா? ரோட்டு வளைவில் நாலு கடை முளைத்தது, அதற்கும் சுவின்டன் என்றே பெயர். சுவின்டன் ஸ்டோர்ஸ். சுவின்டன் சலூன். சுவின்டன் டெயிலர்ஸ். அண்மையில் சுவின்டன் கொமியுனிக்கேஷன் — உள்ளே இரண்டு ரெலிபோன், ஒன்று வேலை செய்யாது. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போனவர்களில் ஒருவர் கூடலூர்ப் பக்கம் டீக்கடை போட்டு, அதற்கும் சுவின்டன் என்று பெயர் வைத்திருக்கிறாராம். தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர் மகனுக்கே சுவின்டன் ராஜ் என்று பெயரிட்டார். பையன் இப்போது கொழும்பில் பெரிய வேலையில் இருக்கிறான். தன் பெயரில் பன்றி இருப்பது அவனுக்குத் தெரியாது.

இதையெல்லாம் எழுதிவிட்டு, என் வழக்கப்படி ஒரு தீர்ப்பும் சொல்லியிருந்தேன். ஏன் இத்தனை சுவின்டன்? இங்கிலீஷ் மோகம். வேறென்ன? கடைசி வரி இது: 'நம்மவர்களுக்கு இங்கிலீஷ் என்றால் பன்றியும் மணக்கும்.'

அந்த வரியை எழுதிவிட்டு நானே இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். அவ்வளவு பிடித்திருந்தது.

வந்தவர் பெயர் செல்லையா. சுவின்டன் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். கடைத்தெருவில் பஸ் ஹோல்ட்டுக்கு முன்னால் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கடையின் பெயர்...

"சுவின்டன் சைவ ஹோட்டலுங்க சார்."

நான் சிரிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். கஷ்டப்பட்டு அடக்கினேன்.

அவர் சொல்லச் சொல்லத்தான் விஷயத்தின் கனம் புரிந்தது. என் பத்தியை யாரோ வெட்டி எதிரிலுள்ள சலூன் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்கள். முடி வெட்ட வந்தவர்களெல்லாம் வாசித்தார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு சலூன்காரரே சிங்களத்தில் விளக்கியிருக்கிறார். எல்லாக் கடையும் சுவின்டன்தான் என்றாலும், சைவக் கடையென்பதால் அன்றிலிருந்து செல்லையாவின் கடைக்கு மட்டும் பன்றிக் கடை என்று பெயர்.

"கேலி பண்ணா பண்ணட்டும்னு இருந்தேன் சார். போன வெள்ளிக்கிழமை வெரதக்காரங்க ஒரு வேன் நெறைய வந்தாங்க. சிவனொளிபாத மலைக்குப் போறவங்க. உள்ள வந்து ஒக்காந்துட்டாங்க. அதுல ஒருத்தர் எங்கிட்ட மெதுவா கேக்குறாரு, 'இந்தக் கடையில மொதல்ல பன்னி வெட்டுனாங்களா?'ன்னு. இல்லைன்னேன். ஆனாலும் எந்திரிச்சுப் போயிட்டாங்க."

அதோடு இன்னொரு சிக்கல். கடையை இடித்துப் பெரிதாக்கிக் கட்டியிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை திறப்பு. செவ்வாய்க்கிழமைக்குள் பெயரைச் சொல்லிவிட வேண்டுமென்று போர்ட் எழுதுகிறவர் நெருக்குகிறார். பெயரை மாற்றினால்தான் புதுக் கடைக்குள் காலெடுத்து வைப்பேன் என்று வீட்டுக்காரம்மா சரோஜா சொல்லிவிட்டாராம்.

"நான் எழுதினது தப்பு, அப்படி ஒரு அர்த்தம் இல்லைன்னு ஒரு வரி போட்டீங்கன்னா போதும் சார்."

அங்கேதான் என் குணம் தலைதூக்கியது. புத்தகத்தில் உள்ளதை இல்லையென்று எழுதுவதா? முடியாது என்றேன். சொன்னதோடு விட்டேனா? அவருக்குப் புத்தியும் சொன்னேன். சைவக் கடைக்கு எதற்கு வெள்ளைக்காரன் பெயர்? நம்மிடம் பெயருக்கா பஞ்சம்? இதற்கு முன்னால் கடைக்கு என்ன பெயர் இருந்தது?

"எங்க அப்பா கடை வச்சிருந்தப்ப, லட்சுமி விலாஸ்."

"பிறகென்ன? அதையே வையுங்கள். எவ்வளவு நல்ல பெயர்! இந்தக் காலத்திலும் இங்கிலீஷ் பெயரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்க வேண்டுமா?"

 செல்லையா பேப்பர் துண்டைப் பழையபடி மடித்து உறைக்குள் வைத்தார். அவர் என் யோசனையில் மயங்கி நிற்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"வெள்ளிக்கெழம காலையில தெறக்கிறோம். நீங்க அவசியம் வரணும் சார்."

போனேன். போகாமல் இருப்பேனா? என் சொல் கேட்டுப் பெயர் மாறிய கடையைப் பார்க்க வேண்டாமா?

அவிசாவளைக்குப் போய் அங்கே பஸ் மாறினேன். எனக்கு முன் சீட்டில் கூடையும் பையுமாக இரண்டு தோட்டத்துப் பெண்கள். கடைத்தெரு வளைவு வந்ததும் கொண்டக்டர் பலகையில் தட்டிக் கத்தினார்.

"ஊரு வத்த... ஊரு வத்த பஹின்ன!"

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். சிங்களத்தில் ஊரு என்றால் பன்றி. பன்றித் தோட்டத்தில் இறங்குகிறவர்கள் இறங்கலாம் என்கிறார். கைங்கரியம் யாருடையது? அடியேனுடையது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

முன் சீட்டுப் பெண்களில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தவளைத் தட்டி எழுப்பினாள். "எந்திரிடி, ஊரு வந்துருச்சு." அவளுக்கு அந்தச் சொல் தமிழாகவே கேட்டிருக்கிறது. இரண்டு பேரும் கூடையைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாக இறங்கிப் போனார்கள்.

கடை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். கூட்டமும் குறைவில்லை. நிமிர்ந்து போர்டைப் பார்த்தேன்.

சுவின்டன் சைவ ஹோட்டல்.

பழைய போர்டைவிட இரண்டு மடங்கு பெரிது. தமிழ், சிங்களம், இங்கிலீஷ் என்று மூன்று மொழியிலும் சிவப்பு எழுத்து. எனக்குக் கோபம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், நன்றாகவே வந்தது. பஸ்ஸேறி வந்த மனிதனை இப்படியா அவமதிப்பது? செல்லையா சிரித்த முகத்தோடு வரவேற்றார். நான் சிரிக்கவில்லை.

"நான் அவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையே நீங்கள்?"

"உள்ள வாங்க சார்."

சமையலறையைத் தாண்டிப் பின்பக்கம் கூட்டிப்போனார். எல்லாம் புதுச் சுவர், புதுப் பூச்சு. ஒரு மூலையில் மட்டும் ஒரு பழைய தூண். பூசாமல் விட்டிருந்தார்கள். இடுப்பளவுக்கு மேல் முழுக்கக் கரி.

"எண்பத்து மூணு கலவரம் சார். எனக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு."

கிட்டப் போய்க் கரியைப் பார்த்தேன்.

"இந்த எடத்துல லட்சுமி விலாஸ். நடுவுல ஒரு ஆளு போற சந்து. அந்தப் பக்கம் சுவின்டன் ஸ்டோர்ஸ். அதுவும் நம்ம ஆளு கடைதான். லொறியில வந்தவங்க இந்தப் பக்கத்து ஆளுங்க இல்ல. யாரு கடை எதுன்னு அவங்களுக்குத் தெரியாது. போர்டைத்தான் வாசிச்சாங்க. எங்க போர்டை வாசிச்சாங்க, கொளுத்துனாங்க. அடுத்த போர்டை வாசிச்சாங்க... தமிழனா, சிங்களவனா, யாருன்னு ஒண்ணும் புரியல. விட்டுட்டு லொறியில ஏறிப் போயிட்டாங்க. நானும் அப்பாவும் ரப்பர் காட்டுக்குள்ள படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தோம்."

தூணைக் கையால் ஒரு தடவை தடவிக்கொண்டார்.

"மறுபடியும் கடை தொறக்க ரெண்டு வருஷம் ஆச்சு. போர்ட் எழுதுறவரு பேரு கேட்டப்ப அப்பா யோசிக்கவே இல்ல. சுவின்டன்னாரு. டெயிலர் கடை முந்தி முருகன் டெயிலர்ஸ். சலூனு முந்தி சரஸ்வதி சலூன். அதுக்கப்புறம்தான் சார் இந்தக் கடத்தெருவுல எல்லாரும் சுவின்டன் ஆனோம்."

பின்னால் சரோஜா தட்டோடு வந்து நின்றிருந்தார். "நான் எட்டியாந்தோட்டைப் பக்கம். எண்பத்தெட்டுலதான் கல்யாணம் கட்டி இங்க வந்தேன்" என்றார் என்னிடம். "இந்த மனுசன் இத்தன வருஷத்துல எங்கிட்ட இதச் சொன்னதே இல்லீங்க. பேர மாத்துன்னு நான் சண்ட போட்ட பிறகுதான் வாயத் தொறந்தாரு. நானேதான் போர்ட்காரருகிட்ட சொன்னேன், பழைய பேரையே பெரிசா எழுதுங்கன்னு."

எனக்கு வெட்கமாக இருந்தது. மோகம் என்று எழுதியவன் நான். உயிருக்குப் பயந்து பிடித்துக்கொண்ட ஒரு பெயரை வைத்து நான் நாலு பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் எவன் பன்றி வளர்த்தான் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. இருபது வருஷத்துக்கு முன்னால், இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற கடைத்தெருவில் யார் கடை எரிந்தது என்று தெரிந்திருக்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. பெயர்கள் ஏன் பரவுகின்றன என்று பெரிய ஆள் மாதிரி விளக்கம் சொல்வதற்கு முன்னால், வைத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "இப்போது காலம் மாறிவிட்டதே... சமாதானம் பேசுகிறார்களே..." என்று இழுத்தேன்.

"காலம் மாறட்டும் சார், நல்லதுதான். பேரு இருக்கட்டும்."

"விரதக்காரர்கள் எழுந்து போனால்?"

"வெளக்கம் சொல்லி ஒக்கார வைப்பேன். எந்திரிச்சுப் போறவங்கள திருப்பிக் கூப்பிடலாம். எரிஞ்சு போன கடையக் கூப்பிட முடியாது."

மேசையில் உட்கார வைத்து இலை போட்டார்கள். தோசை, இரண்டு சட்னி, சாம்பார். வயிறு நிறைந்தது, மனசு இன்னும் சரியாகவில்லை. கை கழுவிவிட்டு வந்து கேட்டேன், மறுப்பு ஒன்று எழுதிவிடட்டுமா என்று. இந்த முறை எழுத நான் தயாராகவே இருந்தேன்.

செல்லையா தலையை ஆட்டினார். "வேணாங்க சார். பன்னின்னா பன்னியாவே இருந்துட்டுப் போகுது. கடப் பேர மட்டும் பேப்பர்ல போடுங்க. எழுத்துப் பிழை இல்லாம போட்டீங்கன்னா போதும்."

சுவின்டன் சைவ ஹோட்டல். போட்டாயிற்று, செல்லையா.