பின்சுவர்ச் சூடு

திண்டுக்கல்லில் அடைமழைக் காலத்திலும் அப்பளம் காய வைக்கத் தெரிந்த ஒரே பொம்பளை இஞ்ஞாசியம்மாள்தான். இதை அவளே சொல்லிக்கொள்வாள், யாரும் கேட்டாலும் கேட்காவிட்டாலும். ஐப்பசி பிறந்து மலைக்கோட்டைப் பாறைமேல் மேகம் இறங்கிவிட்டால், ஊரில் அப்பளம் இடுகிற மற்றப் பெண்கள் பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுவார்கள். வெயிலே இல்லாத மாதத்தில் என்னத்த அப்பளம்? இவள் மட்டும் உளுந்த மாவில் பிரண்டைச் சாற்றை விட்டு இடித்துக்கொண்டே இருப்பாள்.

அதற்குக் காரணம் அவள் கைராசியும் இல்லை, மாதாவின் கிருபையும் இல்லை. ஒரு சுவர். பாக்கியராஜின் ரொட்டிக் கிடங்கின் முதுகோடு ஒட்டினாற்போல ஓர் ஒற்றை அறை, அதுதான் அவள் வீடு. அந்த அறையின் மேற்குச் சுவரும் ரொட்டி அடுப்பின் பின்சுவரும் ஒன்றே. அந்தப் பக்கம் பன்னும் வர்க்கியும் வேக, இந்தப் பக்கம் சுவர் கொதிக்கும். சித்திரையில் அந்த வீட்டில் மனுஷர் இருக்க முடியாது. அவளுக்கு முன்னால் குடியிருந்த மூன்று குடும்பமும் வேர்க்குருவும் கொப்புளமுமாகத்தான் காலி செய்துகொண்டு போனது. அதனால் வீட்டுக்காரர் பாக்கியராஜ் வாங்கிய வாடகை சொற்பம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு சித்திரை அதில் வெந்தாள். வெந்ததற்குக் கூலியாக மழைக்காலத்தில் அந்தச் சுவர் அவளுக்குச் சோறு போட்டது. சுவரை ஒட்டி மூங்கில் தட்டுகளைச் சாய்த்து வைத்து, மேலே ஈர அப்பளத்தைப் பரப்பினால், ஒரு செபமாலை சொல்லி முடிப்பதற்குள் தட்டில் இருப்பது கலகலவென்று ஆகிவிடும்.

அவளுக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம் என்றும் சொல்லிவிட வேண்டும். புருஷன் பாஸ்கலுக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று இரண்டு காலும் புண்ணாகிப் போனது. அவன் வீட்டில் உட்கார்ந்த பிறகு மூன்று வருஷம் இவள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். ஒரு வீட்டில் நாய்க்கு வைத்து, நாய் முகர்ந்துவிட்டு விட்ட சோற்றை அதே தட்டோடு இவளிடம் நீட்டினார்கள். அன்றைக்குக் கோயிலில் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, இனி எவள் வீட்டு எச்சில் பாத்திரத்தையும் இந்தக் கை தொடாது என்று சத்தியம் செய்துவிட்டு வந்தாள். அதன் பிறகுதான் அப்பளம்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஆண்டிச்சாமிதான் அவளுடைய சரக்கு முழுவதையும் எடுத்தார். அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மழை மாதத்தில் தவறாமல் அப்பளக் கட்டு கொண்டு வந்து போடுகிறவளுக்குத்தான் தை மாதத்துக் கல்யாண ஆர்டர். "வெயில்ல எவளும் காயவச்சிருவா தாயி. மழையில குடுக்கிறவதான் நம்ம ஆளு" என்பார். ஏழு தையும் இஞ்ஞாசியம்மாளுக்கே வந்தது.

அறுபத்தோராம் வருஷம் ஆடி மாதம் சோலைமலை வந்தான். சர்க்காரின் எரிபொருள் சிக்கனத் திட்டத்துக்குத் திண்டுக்கல் பக்கத்துக்கு அவன்தான் அலுவலர். வயசு இருபத்தாறு, சைக்கிள், கக்கத்தில் நோட்டு, சட்டைப் பையில் சூடு பார்க்கிற கண்ணாடிக் குழாய். ரொட்டிக் கிடங்கு, செங்கல் சூளை, சாயப் பட்டறை என்று விறகு எரிக்கிற இடமெல்லாம் போய், எங்கே விரயம் என்று கண்டுபிடித்து அடைத்துக் கொடுப்பான். செலவில் பாதியைச் சர்க்கார் ஏற்கும். நல்ல பையன்தான். கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்குத் திட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

பாக்கியராஜ் கிடங்கில் இரண்டு நாள் குடைந்தான். அடுப்புக் கதவைப் பார்த்தான், புகைபோக்கியில் ஏறிப் பார்த்தான், எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் விறகு மட்டும் வண்டி வண்டியாகப் போய்க்கொண்டிருந்தது. "பின்பக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு, "அது கெட்டிச் சொவரு சார், அந்தப் பக்கம் குடித்தனக்காரவுக இருக்காக" என்று பாக்கியராஜ் சொல்லிவிட்டார். சூட்டுக்காக வாடகையைக் குறைத்த மனுஷர்தான், ஆனால் ஏழு வருஷத்தில் ஒரு நாளும் அந்த வீட்டுக்குள் தலையை நீட்டியதில்லை, அது தன் விறகின் சூடு என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை. சோலைமலை நோட்டை மூடிவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

அப்படியே போயிருப்பான். இவள் விட்டாளா? சின்னத் தொழில் செய்கிறவர்களுக்குச் சர்க்கார் பாதிச் செலவு கொடுக்கிறதாம் என்று தெருக்குழாயடியில் கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தகரக் கூரையும் நாலு புதுத் தட்டும் கிடைத்தால் சரக்கை இரட்டிப்பாக்கிவிடலாம். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து சைக்கிளை மறித்தாள்.

"சார், சார்! பெரிய தொழிலத்தான் பாப்பீகளா? எங்க தொழிலயும் செத்த நேரம் வந்து பாருங்க."

"உங்களுது என்ன தொழிலும்மா?"

"அப்பளம் சார். மழையிலயும் காய வைக்கிற அப்பளம். இந்தத் திண்டுக்கல்லுல வேற எவளாலயும் முடியாது."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டுக் குனிந்து உள்ளே போனான். இஞ்ஞாசியம்மாள் பெருமை தாங்காமல் தட்டுகளை விலக்கிச் சுவரைக் காட்டினாள். "கைய வச்சுப் பாருங்க சார்!" அவன் வைத்தான். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டான். கண்ணாடிக் குழாயை எடுத்துச் சுவரில் ஒட்டினான். மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம், மூலையில் ஓர் இடம். நோட்டில் எழுதினான், எழுதினான், எழுதிக்கொண்டே இருந்தான். அவன் முகம் மலர்ந்துபோய்விட்டது. இவளோ தன் தொழிலைத்தான் இவ்வளவு அக்கறையாக எழுதுகிறான் என்று நினைத்தாள். பாவி மகள்! ஓர் அப்பளத்தைச் சுவரோரத் தட்டில் போட்டு, எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்பதையும் காட்டினாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதையும் எழுதினான். இரண்டு அப்பளம் பொரித்துக் கொடுத்தாள். "அருமையா இருக்கும்மா" என்று சாப்பிட்டான்.

"எங்களுக்கு ஏதும் பாத்துச் செய்யுங்க சார்."

"கட்டாயம் செய்றேம்மா. இனிமே இந்தச் சூடு வீணாவே போகாது."

அவள் காதுக்கு அது தேனாக இருந்தது. சுவரில் வருகிற சூடு வீண் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. அதனால் வேறெங்கோ ஒழுகுகிற சூட்டையும் பிடித்துத் தன் சுவருக்கே அனுப்பப் போகிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். பாஸ்கலிடம் வந்து, "அப்பளம் இனி அரைச் செபமாலையிலயே காஞ்சுரும் பாருங்க" என்றாள்.

ஆவணியில் கொத்தனார்கள் வந்தார்கள். அவளுடைய அறைக்குள்ளேயே, பழைய சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு புதுச் சுவர் எழும்பியது. இடையில் சாம்பலைக் கொட்டி இடித்து நிரப்பினார்கள். கொத்தனாருக்குச் சாம்பல் சுமக்க ஆள் தேவைப்பட்டது. கேட்டதும் இஞ்ஞாசியம்மாளே வந்தாள். கூலிக்குத்தான் என்றாலும், தன் சுவர் என்ற ஆசையும் இருந்தது. இரண்டு நாள் கூடை கூடையாகச் சுமந்து கொட்டினாள். ரொம்ப நன்றாக மிதித்து விடு, சந்து விடாதே என்று கொத்தனார் சொன்னார். சந்து விடாமல் மிதித்தாள்.

அடுப்பு மறுபடி எரிந்த அன்று தட்டுகளைப் பரப்பிவிட்டுக் கையை வைத்துப் பார்த்தாள். மண்பானைத் தண்ணீரைத் தொட்டது போல இருந்தது. புதுச் சுவர், சூடேற நாள் ஆகும் என்றாள். மறுநாளும் வைத்தாள், மூன்றாம் நாளும் வைத்தாள். நாலாம் நாள் பாக்கியராஜ் கிடங்கு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, சொவரு சில்லுன்னு இருக்கே அண்ணே."

பாக்கியராஜ் கல்லாவை விட்டு எழவே இல்லை. "அதுக்குத்தான இம்புட்டுப் பாடு? வெறகு பாதியாக் கொறைஞ்சிருச்சு. எல்லாம் உன் புண்ணியம் இஞ்ஞாசி."

"என் தொழிலு அண்ணே..."

"ஏழு வருசமா என் வெறக எரிச்சு உன் அப்பளத்தக் காயவச்சிருக்க. தெரிஞ்சு எடுத்தியோ தெரியாம எடுத்தியோ, நான் ஒரு வார்த்த கேட்டனா? ஒரே கோயில்ல நிக்கிறோமேன்னு விட்டுட்டேன். போ."

அவள் திட்ட ஆபீசுக்கு நடந்தாள். சோலைமலை நாற்காலி போட்டு உட்காரச் சொன்னான். அவள் சொன்னதை எல்லாம் கேட்டபோது அவன் முகம் நிஜமாகவே வாடிப் போனது. விதிப் புத்தகத்தைப் புரட்டினான்.

"உங்க வீட்டுத் தொழிலுக்கு எம்புட்டு வெறகு எரிக்கிறீங்க?"

"நான் எங்க சார் எரிச்சேன்? சொவருலதான..."

"அதான்மா சிக்கலே. வெறகு எரிக்கிறவங்களுக்குத்தான் திட்டம். எரிக்காதவங்களுக்கு நான் என்னத்த மிச்சம் பிடிச்சுக் குடுக்க?" பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு நல்ல மனதோடு ஒன்று சொன்னான். "நீங்க ஒரு அடுப்பு வச்சு, ஒரு வருசம் எரிச்சுட்டு வாங்க. அதுல பாதிய மிச்சம் பண்ணித் தாரேன்."

வீட்டுக்கு வந்து சொன்னாள். பாஸ்கல் தன் புண் காலைத் தடவிக்கொண்டே சிரித்தான். அந்தச் சுவரோரம் காலை நீட்டி வைத்தால்தான் அவனுக்கு வலி குறையும். அதுவும் போன ஆத்திரம் அவனுக்கு. "காட்டிக் குடுத்தவ நீதான? கைய வச்சுப் பாருங்க சார்னு நீதானடி கூப்ட? அவன் சைக்கிள்ல ஏறிட்டான். போனவன மறிச்சு இழுத்துட்டு வந்த. உன் வாயில புத்து வைக்க!"

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் அவளைக் கொன்றது.

ஐப்பசியில் மழை பிடித்தது. பிடித்த மழை விடவே இல்லை. சோறு பொங்குகிற அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தட்டுகளைத் தொங்கவிட்டாள், அப்பளம் புகை நாற்றம் அடித்தது. படுக்கிற பாய்க்கு அடியில் துணி சுற்றி வைத்துக்கொண்டு மேலே படுத்துப் பார்த்தாள், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. கார்த்திகையில் தேறினதை எல்லாம் கட்டிக்கொண்டு ஆண்டிச்சாமியிடம் போனாள். அவர் கட்டைப் பிரித்தார், நடு அப்பளத்தை உருவி முகர்ந்தார். பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. கடை வாசலில் படுத்திருந்த மாட்டுக்கு முன்னால் கட்டோடு போட்டார். மாடும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அடுத்த கட்டு நல்லாக் கொண்டாரேன்..."

"வேணாம் தாயி. கல்யாண வீட்டுல என் பேரு போயிரும்." தை ஆர்டரை வத்தலக்குண்டில் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்.

இது போதாதென்று மார்கழியில் பாக்கியராஜ் வீட்டு வாடகையை இரண்டு மடங்காக்கினார். "முன்னால அது கொதிக்கிற வீடு. இப்பக் குளுகுளுன்னு இருக்கில்ல?" என்றார். தை பிறந்தபோது இஞ்ஞாசியம்மாளும் பாஸ்கலும் ரயில் ரோட்டோரம் ஒரு குடிசையில் இருந்தார்கள். அவர்கள் இருந்த அறையில் பாக்கியராஜ் மாவு மூட்டைகளை அடுக்கினார். நல்ல குளிர்ச்சி, மாவு கெடாது. அதே மாதம் அவள் அவர் கிடங்கிலேயே தகரத் தட்டு தேய்க்கிற வேலைக்குச் சேர்ந்தாள். பன் சுட்ட தட்டு, கேக் சுட்ட தட்டு, கூடவே டீ குடிக்க வருகிறவர்களின் எச்சில் கிளாசும். முதல் கிளாசைத் தொடுவதற்கு முன்னால் வாய்க்குள் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டாள். அண்ணே என்று கூப்பிட்ட வாய் மொதலாளி என்று கூப்பிடப் பழகிக்கொண்டது.

மாசியில் ஜீப் வந்தது. மாதிரி ரொட்டிக் கிடங்கு என்று வாசலில் போர்டு மாட்டியிருந்தார்கள். பெரிய ஆபீசர், அவர் பின்னால் வெளியூர் ரொட்டிக் கடைக்காரர்கள் பத்துப் பேர். சோலைமலை சூட்டுக் கணக்கு எல்லாம் விளக்கிவிட்டு, பின்சுவரைக் காட்ட மாவு மூட்டை அறைக்குக் கூட்டிப்போனான். போகிற வழியில் தட்டு தேய்த்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துவிட்டான்.

"அடடே! சார், இந்த அம்மாதான் சார் விரயத்தக் கண்டுபிடிச்சுக் குடுத்தாங்க. இவங்க இல்லைன்னா இந்தத் திட்டமே இல்ல சார்!" அவன் மனதாரத்தான் சொன்னான். பெரிய ஆபீசர் தன் கழுத்து மாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். கையில் சாம்பலும் புளியும் அப்பியிருந்தது. மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

சோலைமலைக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அன்னைக்குச் சொவருல அப்பளம் காயவச்சுக் காட்டுனீங்கள்ல, அதே மாதிரி இப்பவும் ஒண்ணு வச்சுக் காட்டுங்கம்மா. எல்லாரும் பாக்கட்டும்."

"ஏ இஞ்ஞாசி, சார் சொல்றாருல்ல? உளுந்த மாவு வாங்கியாரச் சொல்றேன், சீக்கிரம்" என்றார் பாக்கியராஜ்.

வந்த மாவைப் பிசைந்தாள். ரொட்டிப் பலகையில் ஓர் அப்பளம் இட்டாள். கை மறக்கவில்லை, வட்டம் கோணாமல் வந்தது. அதைத் தட்டில் போட்டு, தான் சாம்பல் சுமந்து மிதித்த சுவரில் சாய்த்து வைத்தாள். எல்லாரும் டீ குடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார்கள். பெரிய ஆபீசர் விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் மாவு ஒட்டியது. விரலைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க, சொட்டுச் சூடுகூட வெளியே வரல!" எல்லாரும் கை தட்டினார்கள். காட்டிக் குடுத்தவ நீதான என்று பாஸ்கல் சொன்ன வார்த்தை அவள் காதில் அப்போதுதான் முழுசாக ஏறியது.

ஜீப் போன பிறகு பாக்கியராஜ் வந்தார். "வார வாரம் ஆளு வாராகளாம். ஒரு உருண்ட மாவு பெசஞ்சு ரெடியா வச்சுக்க."

"சரிங்க மொதலாளி."

அந்த மாலையைப் பாஸ்கல் குடிசை வாசலில் மாட்டினான், வாடும்வரை தொங்கியது. திட்டம் மூன்று வருஷம் நடந்தது. ஆள் வந்தபோதெல்லாம் இஞ்ஞாசியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு போய் ஓர் அப்பளம் இட்டு அந்தச் சுவரில் சாய்த்து வைத்தாள். அதில் ஒன்றுகூடக் காயவில்லை.