ஜோடிப் படத்துல கை வச்ச ஹபீலா

தெஹியோவிட்ட பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கிற ஹபீலாவைப் பத்திச் சொல்றேன். வாப்பா பாறூக் மௌத்தான பிறகு கடையை அவதான் பார்க்கிறா. எந்த ஆபீசு எந்த அளவுல படம் கேட்டாலும் எங்க தோட்டத்து ஆளுக அவகிட்டத்தான் ஓடுவோம். வாய் கொஞ்சம் கூட, ஆனா வந்த வேலையை முடிக்காம எந்திரிக்க மாட்டா.

அன்னைக்கு என் மருமக புஷ்பத்தைக் கரவனெல்ல ஆஸ்பத்திரியில பிரசவ அறைக்குள்ள கொண்டுபோயிட்டாங்க. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுல சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கிற வேலைக்கு அவ கம்ப்யூட்டர்ல விண்ணப்பம் போட்டிருந்தா. நாலு மணியோட முடியுது. படம் மட்டும் ஏத்தணும். அந்த வேலை கிடைச்சா விடியக்காலம் றப்பர் மலையில பால்வெட்ட ஏற வேண்டாம். அவ போனைத் தூக்கிக்கிட்டு ஹபீலா கடைக்கு ஓடினேன்.

முகம் நேரா தெரியிற படம் ஒண்ணுதான் இருந்துச்சு. அது கல்யாணப் படம், என் மகன் பிரதீபனும் அவளும் மாலையோட நிக்கிறது.

ஹபீலா முழுப் படத்தையும் சின்னதாக்கி அனுப்பினா. முகம் கடுகாட்டம் இருக்குன்னு திரும்பி வந்துருச்சு. ரெண்டு பக்கமும் நெருக்கிப் பார்த்தா. ரெண்டு பேரும் முருங்கைக்காயா நின்னாங்க.

"மகனை வெட்டிட்டு மருமகளை மட்டும் எடுத்தாத்தான் அளவு சரிவரும், பாட்டி."

அவ கையைப் புடிச்சிட்டேன். "வெட்டாத புள்ள! எங்க லயத்துல ஆள் செத்தாத்தான் ஜோடிப் படத்துல இருந்து முகத்தைத் தனியா எடுத்து மாலை போடுவோம். அவ அங்க உசுரக் கையில புடிச்சிக்கிட்டுக் கிடக்கிறா."

"நாலாகப் போகுது. வேலை வேணுமா, வேணாமா?"

"வேலையும் வேணும், அவளும் வேணும்."

ஹபீலா அதே படத்தை இன்னொரு நகல் எடுத்துத் திரையில பக்கத்துல வச்சா. "இந்தா, ஜோடியா ரெண்டு பேரும் இங்க நிக்கிறாங்க. கண்ணெடுக்காம பார்த்துக்கிட்டே இருங்க. நான் நகல்லதான் கை வைக்கிறேன்."

கையை விட்டேன். ஜோடியையே பார்த்தேன். அவ வெட்டி, சுருக்கி, அனுப்பினா. வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் மாரியாத்தாளைக் கூப்பிட்டேன். ஹபீலா உதடும் அசைஞ்சுச்சு.

"ஏறிடுச்சு!"

"இப்ப அந்தத் தனிப் படத்தை அழி."

"இருந்தா இன்னொரு நாளைக்கு உதவும், பாட்டி."

"அழின்னா அழி."

அழிச்சா. கடையைச் சாத்திட்டு, என்கூடவே த்ரீவீல்ல ஆஸ்பத்திரிக்கும் வந்தா.

பிள்ளையைப் பக்கத்துல போட்டுக்கிட்டுப் படுத்திருந்த புஷ்பம் மெதுவா கேட்டா: "படம் போச்சா அத்தை?"

நான் வாயைத் திறக்க முன்ன ஹபீலா முந்திக்கிட்டா. "போச்சு. ஒங்க மாமியார்தான் லேசுல போக விடல."