பேஸுக்கு எதற்குப் பெடல்

பேஸ் கிட்டாருக்குப் பெடல் தேவையில்லை என்று எங்கள் மாஸ்டர் சொன்னபோது நான் நம்பினேன். அவர் சொன்னதை நம்பினேன் என்பதுதான் இன்றைக்கும் வயிற்றை எரிக்கிறது.

மாஸ்டர் என்றால் எங்கள் மெல்லிசைக் குழுவின் தலைவர். கீபோர்டு வாசிப்பவர். சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை, நகரியத்தில் குவார்ட்டர்ஸ். அதன் பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டிருந்தார், அங்கேதான் ரிகர்சல். நான் கான்ட்ராக்ட். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டிக் கிடக்கிற கரியை அள்ளிப் போடுகிற ஆட்களில் ஒருவன். பத்தாவது முடிக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து குளித்து, கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு வண்டியில் போனால், மாஸ்டர் கொட்டகை வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையை நினைத்து வழியெல்லாம் பயந்துகொண்டே போவேன். என் சுபாவம் அது. வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புகிற ஆள் நான்.

ஒரு கல்யாணத்தில் பாண்டிச்சேரிக் குழு ஒன்றைப் பார்த்தேன். அவர்களுடைய பேஸ்காரர் காலடியில் சின்ன இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. காலால் ஒரு மிதி மிதித்தார். கம்பியின் சத்தம் கரகரவென்று, தொண்டை கட்டியவன் கோபமாகப் பேசுவது போல மாறிவிட்டது. அதுவரை பேஸுக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது. கெஞ்சிக் கூத்தாடி அவரிடம் இருந்த பழைய பெடல் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாளே ரிகர்சலில் அதை மாட்டினேன். ஒரு பாட்டு முடியும்வரை மாஸ்டர் பொறுத்தார். பிறகு எல்லார் முன்னாலும் சொன்னார்.

"இதெல்லாம் லீட் கிட்டாருக்கு. பேஸுக்குப் போட்டா அடிச்சத்தம் காலியாயிடும். ஸ்கூலைத்தான் பாதில வுட்ட, பேஸையாவது முழுசா கத்துக்க."

எல்லோரும் சிரித்தார்கள். டிரம்ஸ் சத்தம் தருகிற ஆக்டோபேட் வாசிக்கிறவன் தன் பேடில் ஒரு தட்டு தட்டி அந்தச் சிரிப்புக்குத் தாளமும் போட்டான். நானும் சிரித்தேன். அப்படிப்பட்ட இடங்களில் முதலில் சிரித்துவிடுவது எனக்குப் பழக்கம். பெடலைப் பைக்குள் வைத்தேன்.

ஆனால் ஆசை விடவில்லை. பக்கத்து பிளாக்கில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. பெடலை என் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டியான ஆம்புக்குப் பின்னால் மறைத்து வைத்து, ஒரே ஒரு பாட்டில் மட்டும் மிதிப்பது என்று முடிவு செய்தேன். வெளியே எப்படிக் கேட்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி மைக்செட் அண்ணனிடம் ரகசியமாகச் சொல்லி வைத்தேன். அவர் வளையமாதேவிக்காரர், யாரிடமும் அதிகம் பேசாதவர். பாட்டு வந்தது. மிதித்தேன். என் பக்கத்தில் இருந்த ஆம்ப் கரகரத்தது. மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

இடைவேளையில் அண்ணனிடம் ஓடினேன்.

"என்னாண்ணே, எப்படி வந்துச்சி?"

"எங்க வந்துச்சி? ஒண்ணும் மாறலியே" என்றார். டீயை ஊதிக்கொண்டே யோசித்தார். "நீ வாசிக்கறத நிறுத்திட்டு ஏதோ திருவிகினு இருந்தியே, அப்பக்கூட பேஸு வந்துகினுதான் இருந்துச்சி தம்பி."

எங்கள் மேடையில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோருடைய ஒயரும் மாஸ்டரின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன மிக்ஸருக்குப் போகும். அங்கிருந்துதான் மைக்செட்டுக்குப் போய், ஜனங்கள் காதுக்குப் போகும். என் ஆம்ப் என் பக்கத்திலேயே இருப்பதால் என் சத்தம் எனக்கு எப்போதும் கேட்கும். மற்றவர்கள் போண்டா சாப்பிடப் போன நேரத்தில் அந்த மிக்ஸரைப் போய்ப் பார்த்தேன். என் லைனுக்கான குமிழ் அடிவரை இறக்கப்பட்டிருந்தது. யாரும் தெரியாமல் ஏற்றிவிடாதபடி அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. டேப்பின் ஓரத்தில் தூசி ஏறிப் பிசுபிசுத்தது. அன்றைக்கு ஒட்டியது இல்லை.

பேஸ் என்று வெளியே கேட்டதெல்லாம் கீபோர்டில் அவருடைய இடது கை வாசித்தது.

அன்று முழுவதும், எந்தக் கல்யாணத்திலிருந்து, எந்தக் கோயிலிலிருந்து இது நடக்கிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். என் மனைவி ஒருமுறை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து, "நீங்க வாசிச்சது நல்லா கேட்டுச்சிங்க" என்று சொன்னாள். அவள் அதைச் சொன்ன முகம் நினைவுக்கு வந்தது. அவள் கேட்டது என்னை இல்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. மாஸ்டரிடமும் கேட்கவில்லை. கேட்டால் குழுவைவிட்டு அனுப்பிவிடுவார், எனக்கு மேடை இல்லாமல் போகும். பயம் ஒரு பக்கம் இருந்தது. அதற்குக் கீழே வேறொன்று கொதிக்கத் தொடங்கியிருந்தது.

மைக்செட் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. பாடகி சுருதி விட்டாலும், ஆக்டோபேட் தாளம் தவறினாலும், "மைக்செட்காரர் கவனிக்கவும்" என்று மாஸ்டர் மைக்கிலேயே சொல்லிவிடுவார். ஊரே திரும்பி இவரைப் பார்க்கும்.

அடுத்தது சேத்தியாத்தோப்பில் ஒரு ரிசப்ஷன். மேடை அலங்காரத் துணிக்குள், என் ஆம்ப் பெட்டிக்கு முன்னால், அண்ணன் ஒரு மைக்கைப் படுக்க வைத்தார். அதன் ஒயர் மாஸ்டரிடம் போகவில்லை, நேராக அவரிடம் போனது. நான் பலமுறை பாத்ரூம் போய்வந்தேன்.

குத்துப்பாட்டு தொடங்கியது. மாஸ்டர் எப்போதும் போல மைக்கில், "மைக்செட்காரர், பேஸைக் கொஞ்சம் ஏத்துங்க" என்றார். அண்ணன் ஏற்றினார். என்னுடையதை. நான் பெடலை மிதித்தேன்.

மண்டபம் முழுக்க என் கரகரப்பு. பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்கள் கை கழுவாமல் நின்றார்கள். மாஸ்டர் முதலில் தன் இடது கையைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஏற்கெனவே அடியில் கிடந்த என் குமிழைக் கட்டைவிரலால் இன்னும் கீழே அழுத்தினார். டேப் மேலேயே அழுத்தினார். நான் பார்த்துக்கொண்டே வாசித்தேன். எத்தனை பிறவி எடுத்தாலும் அந்தக் கட்டைவிரல் எனக்கு மறக்காது.

"பேஸைக் குறைங்க" என்றார் மைக்கில்.

அண்ணன் தன்னிடம் இருந்த டெஸ்டிங் மைக்கை எடுத்தார்.

"எந்த பேஸுங்க மாஸ்டர்? ரெண்டு வருது. ஒண்ணு உங்க கையி, ஒண்ணு தம்பி கையி."

பாடகி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். மாப்பிள்ளை சிரித்தார். ஆக்டோபேட் வாசிக்கிறவன் இந்தமுறை தாளம் போடவில்லை.

மாஸ்டர் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்த நொடியில் பாட்டின் அடி காணாமல் போனது. மேலே என் கரகரப்பு மட்டும், தகரத்தைத் தேய்ப்பது போல ஒல்லியாகக் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. பெடலைப் பற்றி அந்த ஆள் சொன்னது சரி. என் பெடல் அடிச்சத்தத்தைத் தின்றுகொண்டிருந்தது. இவ்வளவு நேரம் அவருடைய இடது கைதான் அதை மூடி மறைத்திருக்கிறது.

மறுபடி மிதித்து அணைத்தேன். வெறும் கம்பி. அது இறங்கி வந்து நாற்காலிகளில், தரையில், உட்கார்ந்திருந்தவர்களின் நெஞ்சில் அதிர்வதை நான் பார்த்தேன். ஜனங்கள் காதுக்கு நான் போவதை அன்றுதான் முதன்முறையாகத் தெரிந்துகொண்டேன். பிறகு ஒன்று செய்தேன். வேண்டுமென்றே தாளத்தில் ஒரு மயிரிழை பின்னால் இழுத்து வாசித்தேன். மாஸ்டர் ஒற்றைக் கையோடு எனக்காகக் காத்திருந்து காத்திருந்து வாசித்தார். பாட்டு முடியும்வரை அவரை அப்படியே நடத்திக்கொண்டு போனேன். பாவமே தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

நான் வீடு சேர்வதற்குள் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து மாஸ்டர் என்னை எடுத்துவிட்டார். பயந்தது நடந்தது. சில முகூர்த்தங்கள் கிட்டார் உறையிலேயே கிடந்தது. மனைவியிடம் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "அப்ப நான் ஒருவாட்டிகூட உங்கள கேட்டதே இல்லியா" என்றாள். அன்றைக்கு மாஸ்டர் மேல் இருந்த கோபம் இரண்டு மடங்கானது.

பேஸுக்குப் பெடல் போடலாமா என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால், போடுவதற்கு முன்னால் உங்கள் ஒயர் எங்கே போகிறது என்று பாருங்கள் என்கிறேன். போட்டால் அடி போகும் என்பதையும் சொல்கிறேன். அந்த ஆளின் முகத்துக்கு நேராக மட்டும் அதைச் சொல்ல மாட்டேன்.

போன மாதம் ஆக்டோபேட் வாசிக்கிறவன் வீட்டுக்கு வந்தான். நிகழ்ச்சி வைக்கிற பார்ட்டிக்காரர்கள் கரகர பேஸ்காரர் வருவாரா என்று கேட்கிறார்களாம். மாஸ்டர் கூப்பிடுகிறார், பெடல் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவனை வாசலிலேயே நிற்க வைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு மெதுவாக வெளியே வந்தேன்.

"எடது கைய பாக்கெட்டுல வெச்சிகினு வாசிக்கச் சொல்லு, வரேன்" என்றேன்.

அவன் போய்ச் சொல்லியிருப்பான். பதில் வரவில்லை. அந்த ஆள் ஒவ்வொரு மேடையிலும் அந்தக் கையைக் கீபோர்டில் வைக்கும்போது என் பேச்சு நினைவுக்கு வரட்டும். எனக்கு அது போதும்.